யானைக் கொட்டில் பள்ளிக்கூடம்

நெல்லைப் படியாலும் நிலத்தைக் கோலாலும் அளந்த முன்னொரு காலத்தில், விஜயபூபதி என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். கோபம் வந்தால் மட்டும் உடனே ஒரு சட்டம் போட்டுவிடுவார்.

ஒரு நாள் வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முன்னால் குதிரையை நிறுத்தினார். வாசலில் நின்றுகொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, "நம் ராஜ்யத்தில் ஓடும் நதியின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

சிறுவன் யோசித்துவிட்டு, "ஆறுங்க" என்றான்.

"ஆறு சரி. அதன் பெயர் என்ன?"

"ஆறுன்னுதாங்க எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க."

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அரண்மனைக்கு வந்ததும் வராததுமாகச் சபையைக் கூட்டினார். "ஆண்டுதோறும் நம் களஞ்சியத்திலிருந்து பள்ளிகளுக்கு வண்டி வண்டியாக நெல் போகிறது. அதை உண்டுவிட்டு வாத்தியார்கள் என்ன செய்கிறார்கள்? இனிக் கணக்குக் காட்டாத பள்ளிக்கு ஒரு மணி நெல்லும் கிடையாது!" என்று முழங்கினார்.

கருவூலத்தையும் களஞ்சியத்தையும் கவனித்துவந்த பிரதானி சந்திரசூடர், ராஜாவின் கோபம் ஆறுவதற்குள் ஒரு சாசனம் எழுதிக் கொண்டுவந்துவிட்டார். ஆண்டு முடிவில் அரண்மனைப் பரிசோதகர் ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ப் பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். ஒருவரும் தவறாத பள்ளி முதல்தரப் பள்ளி; அதற்கு இரட்டிப்பு நெல். ஒரே ஒரு பிள்ளை தவறினாலும் நெல் பாதியாகிவிடும். மறுபடியும் தவறினால் வாத்தியாருக்கு வேலை போய்விடும். எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் பிரதானி தாமாகவே ஒரு வரியும் சேர்த்திருந்தார்: "இச்சாசனத்தில் உள்ளதற்குக் கூட்டியோ குறைத்தோ எவரும் பொருள் சொல்லலாகாது."

சபை ஆரவாரம் செய்தது. ராஜா முத்திரை வைத்தார். ஊரூராகப் பறை அறைந்து சொன்னார்கள்.

அந்தச் சபையில் ஏகம்பன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. அதில் அவனுக்கு நிகரானவன் கிடையாது. ஆனால் அந்தத் திறமையே அவனுக்கு ஒரு வினையாக வந்து வாய்த்திருந்தது. அவன் வாயைத் திறந்தாலே சபை சிரித்துவிடும். என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கிற பொறுமை யாருக்கும் இல்லை. அவன் மனைவி இறந்து காரியமெல்லாம் முடிந்து சபைக்கு வந்த முதல் நாள், "வீட்டில் அவள் இல்லை, அரசே" என்று தொடங்கினான். ஏதோ வேடிக்கை வருகிறதென்று நாலு பேர் சிரித்துவிட்டார்கள். என்ன செய்வது? அந்த வாக்கியத்தை அவனும் ஒரு வேடிக்கையாகவே முடித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு தன் மனத்தில் இருப்பதை அவன் யாரிடமும் சொல்ல முயலவில்லை.

பிள்ளைகுட்டி இல்லை. மத்தியானம் சபை கலைந்ததும் வீட்டுக்கு வந்து தானே ஒரு குழம்பு வைப்பான், தானே சாப்பிடுவான். அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு குரல் கேட்பதென்றால், தயிர்க்காரி செங்கமலம் வருகிற நேரத்தில்தான். அவளுக்கு விகடம் ஒன்றும் பிடிபடாது. ஏகம்பன் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். அதனாலேயே அவள் வருகிற நேரத்தை அவன் எதிர்பார்த்திருப்பான்.

சாசனம் வந்த முதல் ஆண்டிலேயே ராஜ்யத்தில் பாதிப் பள்ளிகள் முதல்தரமாகிவிட்டன. ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரதானிக்குப் பட்டும் பதக்கமும் கிடைத்தன. அந்தச் சமயத்தில்தான் ஏகம்பன் ஒன்றைக் கவனித்தான். மத்தியானம் அவன் வீடு திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகளாக இருந்தார்கள். செங்கல் சூளையில் மண் சுமந்தார்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், சும்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் செங்கமலம் வந்தபோது அவள் மகள் பூவாத்தாவும் தலையில் ஒரு சிறு பானையோடு கூட வந்தாள்.

"இவள் பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்று ஏகம்பன் கேட்டான்.

"அனுப்பிட்டாங்க ஐயா. இதுக்குப் பேச்சு திக்கும்ல? பரிசோதகரு கேட்டா பதிலு வர நேரமாகும். தவறுன்னு எழுதிட்டா எல்லாருக்கும் நெல்லு போயிரும், இனிமே வராதேன்னு வாத்தியாரு சொல்லிட்டாரு."

"பாடம் வராதா இவளுக்கு?"

"ஏன் வராம? ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே கிடக்கும். வாயிலதான் சீக்கிரம் வராது."

பூவாத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதடு துடித்தது. சொல் வருவதற்குள் தாய் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். பெண் அப்படியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடியது. சொல்ல வந்த வார்த்தை வாயிலேயே நின்றுபோவது எப்படி இருக்கும் என்பது ஏகம்பனுக்கு நன்றாகத் தெரியும். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அந்த வாத்தியாரைத் தேடிப் போனான். பெருங்கருணை என்று பெயர். பெயருக்கு ஏற்ற மனிதர்தான். ஏகம்பனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா விகடரே? பத்துப் பிள்ளைங்களை வெளியே அனுப்பினேன். ஒவ்வொண்ணும் போறப்ப என்னையே பாத்துக்கிட்டுப் போச்சு. என் வீட்டுலயும் சின்னதுங்க இருக்கே, அதுங்க வயித்துக்கு நான் என்னத்தப் போடுவேன்? ஒங்களுக்கென்ன, ராஜாகிட்டப் பேசுற வாய் இருக்கு. சொல்லுங்களேன்!"

மறுநாள் ஏகம்பன் சபையில் எழுந்து நின்றான். "அரசே, தங்கள் சாசனத்தால் பள்ளிகள் சிறக்கவில்லை. தடுமாறும் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு, மிச்சமிருப்பவர்களைக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் செங்கல் சூளையில் மண் சுமக்கிறார்கள்" என்றான்.

சபை குலுங்கிச் சிரித்தது. "மண் சுமக்கும் மாணாக்கர்! அருமை, அருமை! அப்புறம்?" என்றார் ராஜா.

"அப்புறம் ஒன்றுமில்லை, அரசே. உண்மையைத்தான் சொன்னேன்."

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஏகம்பன் நின்றுகொண்டே இருந்தான். அத்தனை பேர் நடுவில் அவன் நின்ற அந்தத் தனிமையை ஒருவரும் கவனிக்கவில்லை.

பிரதானி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை என்பது அவருக்குத் தெரியும். இவனை இப்படியே விட்டால் என்றைக்காவது ராஜா காது கொடுத்துவிடுவார் என்று பயந்தார். மெல்ல எழுந்து, "அரசே, பள்ளியைப் பற்றி விகடருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது. கோட்டைக்கு வெளியே பழைய யானைக் கொட்டில் சும்மா கிடக்கிறது. அங்கே இவரே ஒரு பள்ளி நடத்தட்டும். ஆண்டு முடிவில் அது முதல்தரமானால் நான் பதவியைத் துறக்கிறேன். ஆகாவிட்டால் விகடர் இந்த ராஜ்யத்தை விட்டே போய்விட வேண்டும்" என்றார்.

ராஜாவுக்கு இது நல்ல வேடிக்கையாகத் தோன்றியது. "சம்மதமா, ஏகம்பரே?" என்றார்.

"சம்மதம், அரசே."

பிரதானி அன்றே சுற்றுவட்டார வாத்தியார்களுக்கெல்லாம் ரகசியமாகச் சொல்லியனுப்பினார்: வெளியே அனுப்பிய பிள்ளைகள் அத்தனை பேரும் யானைக் கொட்டிலுக்குப் போகட்டும். அவர்களில் ஒரு பிள்ளை தவறாமலா போய்விடும் என்பது அவர் கணக்கு.

முதல் நாள் காலையில் ஏகம்பன் கொட்டிலின் கதவைத் திறந்தபோது, வெளியே ஒரு கூட்டமே நின்றது. தலைவாரிப் பூவைத்த பெண்பிள்ளைகள், வெளுத்த துணி கட்டிய பையன்கள், பின்னால் தாய்மார்கள். எல்லோருக்கும் முன்னால் பூவாத்தா நின்றாள்.

ஏகம்பன் அவளைப் பார்த்தான். உள்ளே அழைத்துக்கொண்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். இந்தப் பிள்ளைகளை ஒரு வருஷத்தில் தேற்றிவிடலாம். ஆனால் திக்கும் பெண்ணைத் திக்காமல் பேசவைக்க முடியாது. அவள் ஒருத்தி தடுமாறினால் அவன் எல்லையைத் தாண்டிப் போக வேண்டியதுதான். போவதைப் பற்றிக்கூட அவன் கவலைப்படவில்லை. அவன் போய்விட்டால் இதைப் பற்றிப் பேச யாரும் இருக்கமாட்டார்கள். சாசனம் அப்படியே இருக்கும். ராஜ்யம் முழுக்க இப்படிப்பட்ட பிள்ளைகள் வெளியிலேயே நிற்பார்கள். வேறு ஒரு வழி அவன் மனத்தில் இருந்தது. அதற்கு இந்தக் கொட்டில் காலியாக இருந்தாக வேண்டும்.

"இந்தப் பள்ளியில் யாரையும் சேர்ப்பதில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்றான்.

சிலர் வழக்கம்போல் விகடம் என்று நினைத்துச் சிரித்தார்கள். செங்கமலம் சிரிக்கவில்லை.

"என்ன ஐயா சொல்றீங்க? நீங்களுமா?"

"நானும்தான்."

"ஒரு மொறை ஒரு எடத்துல வேணாம்னு சொன்னாங்க, தாங்கிக்கிச்சு. ரெண்டாவது மொறையும் அதே பேச்சைக் கேக்கவா இதைத் தலைவாரிக் கூட்டியாந்தேன்?"

காரணத்தைச் சொல்ல அவனுக்கு நாக்கு துடித்தது. ஆனால் செங்கமலம் பிரதானி வீட்டுக்கும் தயிர் ஊற்றுகிறவள். சூது அறியாதவள், கேட்டால் சொல்லிவிடுவாள். ஏகம்பன் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு அந்தக் கதவின்மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு, கடைசிக் காலடிச் சத்தமும் அடங்கும் வரை நின்றான்.

மறுநாளிலிருந்து செங்கமலம் அவன் தெருவுக்கே வருவதில்லை.

ஏகம்பன் நாள் தவறாமல் கொட்டிலுக்குப் போனான். கூட்டினான், மெழுகினான், மணி அடித்தான். பிறகு வெறும் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். யானைகள் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான தூண்கள், மேலே புறாக்கள். ஆரம்பத்தில் வழிப்போக்கர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நாளாக ஆக அதுவும் நின்றுபோயிற்று. "புத்தி பேதலித்துவிட்டது, பாவம்" என்று ஒதுங்கிப் போனார்கள். மழைக்காலத்தில் சில நாள் ஒரு மனிதரைக்கூடக் காணாமல் பொழுது போய்விடும். அப்போதெல்லாம் அவன் உரக்க எழுத்துப் பாடம் சொல்லுவான். கொட்டில் பெரிதல்லவா, அவன் குரல் சுவரில் பட்டு அவனுக்கே திரும்பி வரும். அதைக் கேட்பதற்காகவே சொல்லுவான்.

பிரதானியின் ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்துப் போய்ச் சொன்னார்கள். பிள்ளையே இல்லாத பள்ளியா! பிரதானிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பரிசோதனை நாள் வந்ததும் ராஜாவிடம் போய், "அரசே, விகடரின் பள்ளியை மட்டும் தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும். அப்படி ஒரு பள்ளியைத் தாங்கள் கண்டிருக்கமாட்டீர்கள்" என்றார்.

ராஜா பரிவாரத்தோடு புறப்பட்டு வந்தார். பரிசோதகரும் சாசன ஏட்டோடு கூட வந்தார். ஏகம்பன் வாசலில் வணங்கி வரவேற்றான். ராஜா உள்ளே நுழைந்து நாலாபுறமும் பார்த்தார்.

"மாணாக்கர் எங்கே?"

"ஒருவரும் இல்லை, அரசே."

"பார்த்தீர்களா, அரசே!" என்று பிரதானி துள்ளினார். "நெல்லுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு. விகடர் மூட்டை கட்ட வேண்டியதுதான்!"

"பிரதானியாரே, பொறும்" என்றான் ஏகம்பன். "பரிசோதகர் தம் கடமையைச் செய்யட்டும். ஐயா, சாசனப்படி நீர் எழுத வேண்டியது என்ன?"

பரிசோதகர் ஏட்டைப் பார்த்தார். "தவறியவர் உண்டா, இல்லையா என்று எழுத வேண்டும்."

"இந்தப் பள்ளியில் தவறியவர் உண்டா?"

பரிசோதகர் காலியான தரையைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார். "இல்லை" என்றார் தயக்கத்தோடு.

"ஒருவரும் தவறாத பள்ளிக்கு என்ன பெயர்?"

"முதல்தரப் பள்ளி."

"இது அக்கிரமம்!" என்றார் பிரதானி. "பள்ளி என்றால் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதுதானே பொருள்?"

"கூட்டியோ குறைத்தோ எவரும் பொருள் சொல்லலாகாது என்று நீரே எழுதியிருக்கிறீர். பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று சாசனத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? காட்டும், நான் இப்போதே புறப்பட்டுவிடுகிறேன்."

பிரதானி ஏட்டை வாங்கிப் புரட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஏகம்பன் ராஜாவைப் பார்த்து வணங்கினான். "அரசே, மற்ற முதல்தரப் பள்ளிகள் எப்படி முதல்தரமாயின என்று விசாரித்து, அதே வழியில்தான் நானும் நடந்தேன். அவர்கள் சில பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கொஞ்சம் சிறந்தார்கள். நான் எல்லோரையும் அனுப்பி முழுமையாகச் சிறந்துவிட்டேன். தங்கள் சாசனத்துக்கு இதைவிட நல்ல பள்ளியை யாராலும் காட்ட முடியாது."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு காலிக் கொட்டில் முழுவதும் போய் மோதித் திரும்பி வந்தது. அதைக் கேட்டதும் அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. சட்டென்று நிறுத்தினார். ஏகம்பன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

"அனுப்பிய பிள்ளைகள் எங்கே, ஏகம்பரே?"

"பக்கத்தில்தான், அரசே. வாருங்கள்."

செங்கல் சூளை ஆற்றங்கரையில் இருந்தது. ராஜா வருவதைக் கண்டதும் வேலை செய்தவர்கள் அப்படியப்படியே நின்றார்கள். கூலிக்காரர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த பூவாத்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"குழந்தாய், உனக்கு ஏதேனும் வேண்டுமா?" என்று ராஜா கேட்டார்.

பூவாத்தாவின் உதடு துடித்தது. சொல் வரவில்லை. பிரதானி, "இதற்குப் பேச வராது, அரசே, நேரமாகிறது" என்று குறுக்கிட்டார்.

"இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அரசே" என்றான் ஏகம்பன்.

ராஜா பொறுத்தார். ராஜ்யத்தில் எவருக்காகவும் அவர் அத்தனை நேரம் காத்து நின்றதில்லை. கடைசியில் பெண் சொல்லி முடித்தாள்:

"ப... ப... பள்ளிக்கூடம் எப்பத் தொ... தொறப்பீங்க?"

ராஜாவின் முகம் மாறிவிட்டது. அங்கிருந்து திரும்பினார்கள். கோட்டை வாசல் வந்ததும், "நீர் அன்றைக்கே சபையில் சொன்னீர்" என்றார்.

"சொன்னேன், அரசே."

"நான் சிரித்துவிட்டேன்."



மறுநாள் சபையில் பழைய சாசனத்தைக் கிழித்துப் போட்டார்கள். "புதிய சாசனத்தில் என்ன எழுதலாம், ஏகம்பரே?" என்று ராஜா கேட்டார்.

"ஆண்டுத் தொடக்கத்தில் உள்ளே வந்த பிள்ளை ஆண்டு முடிவிலும் உள்ளே இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும், அரசே. வந்த நாளைவிட இன்றைக்கு அதற்குக் கூடுதலாக என்ன தெரிகிறது என்று அடுத்துக் கேட்க வேண்டும். தடுமாறும் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிக்கு நெல்லைக் கூட்டி அளக்க வேண்டும். அங்கேதான் வாத்தியாருக்கு உழைப்பு அதிகம். அத்தனைக்கும் பிறகு ஒரு பள்ளி சீராகாவிட்டால், வாத்தியாரைக் கேட்பதோடு களஞ்சியத்துக்காரரையும் கேட்க வேண்டும்."

அப்படியே எழுதினார்கள். பிரதானி பதவியைத் துறக்க முன்வந்தார். ராஜா விடவில்லை. வெளியே தள்ளப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அவரே நடந்து போய், கதவைத் தட்டி, பள்ளிக்கு வரச் சொல்லி அழைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பல்லக்கு கூடாது. பிரதானி வெயிலில் ஊரூராக நடந்ததை அந்த நாட்டில் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

யானைக் கொட்டிலும் உண்மையான பள்ளியாயிற்று. பெருங்கருணை வாத்தியாரே அங்கே வந்தார். முதல் நாள் ஏகம்பன் வேலியோரம் நின்று உள்ளேயிருந்து வந்த கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான். மகளை விட்டுவிட்டு வெளியே வந்த செங்கமலம் அவனைக் கண்டு நின்றாள்.

"வாத்தியாரு எல்லாத்தையும் சொன்னாரு. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா அன்னிக்குப் புள்ள அழுதது எனக்குத்தான் தெரியும் ஐயா."

"தெரியும் அம்மா" என்றான் ஏகம்பன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ராஜா அவனுக்குப் பரிசு தர விரும்பினார். "பொன்னா, நிலமா, எது வேண்டும் கேளும்" என்றார்.

"வாரத்தில் ஒரு நாழிகை, நான் பேசுவதைத் தாங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும், அரசே."

ராஜா கடகடவென்று சிரித்தார். சபையும் சிரித்தது. சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தந்தேன்" என்றார். பொன்னும் நிலமும் அவன் கேட்காமலே வந்தன.

முதல் நாழிகைக்கு ஏகம்பன் போனான். ராஜா காவலர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவனை எதிரே உட்காரவைத்தார். முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். எத்தனையோ காலமாகச் சொல்ல நினைத்தவை எல்லாம் அந்த நேரம் பார்த்து ஏகம்பனுக்கு மறந்துபோயின. நெடுநேரம் கழித்து, "இன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது, அரசே" என்றான்.

ராஜா சிரிக்கவில்லை. "அடடா, அப்புறம் என்ன சாப்பிட்டீர்?" என்று கேட்டார்.

ஏகம்பன் சொல்லத் தொடங்கினான். நாழிகை முடிந்ததென்று காவலன் வந்து கதவைத் தட்டியபோது, ராஜா கையை அசைத்து அந்தக் காவலனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.